இரும்பு ஊதாங்குழல்

அவள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. எங்கே புகை கிளம்புகிறதோ அங்கே வந்து நிற்பாள். முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது நான் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணும் மூக்கும் ஒழுக ஊதிக்கொண்டிருந்தேன். யாரென்று திரும்புவதற்குள் பிடரியில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

“இன்னாம்மே, சோறாக்கிறியா, இல்ல கொசு வெரட்டுறியா?”

கேட்டுவிட்டு, என்னைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். அடுப்பிலிருந்த கட்டைகளைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். அப்புறம் அடுப்பையே ஓர் உதை விட்டாள். மண் அடுப்பு, ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது. அந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொன்று உதை வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யுத்தம் முடிந்த புதிது. திருவொற்றியூரில், காலடிப்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் கொண்ட லைன். குடியிருந்த ஆம்பிளைகள் எல்லோரும் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அவள் வீட்டில் மட்டும்தான் ஆம்பிளை இல்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரில் மூன்று அடுப்பு வைத்து ஆப்பமும் மீன் குழம்பும் விற்றாள். அந்தச் சித்திரையில்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்திருந்தாள். பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஆம்பிளைகள் ஆப்பக்காரி என்றார்கள், நாங்கள் யக்கா என்றோம். அவளும் எங்களில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரும் அவளுக்கு ‘ம்மே’தான்.

ஊரில் எல்லோருக்கும் மூங்கில் ஊதாங்குழல். அவளுடையது இரும்பு. துறைமுகத்தில் உடைத்துப் போட்ட ஏதோ கப்பலின் குழாய் என்பாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நெருப்பை ஊதுவது அதால்தான், நாயை விரட்டுவது அதால்தான், முதுகு சொறிவதும் அதால்தான். கேட்டில் ஒருத்தன் ஆப்பம் வாங்குகிற சாக்கில் அவள் இடுப்பில் கை வைத்தான். அந்தக் கையைப் பிடித்துக் காய்கிற ஆப்பச் சட்டியில் வைத்து, குழலால் மேலே ஓர் அழுத்து அழுத்தினாள். சதை கருகிய வாடை வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாளும் அவன் அங்கேயேதான் ஆப்பம் தின்றான், கையில் துணி சுற்றிக்கொண்டு. அவள் குழம்பு அப்படி.

அவள் நல்லவள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் வாங்கிய அறையில் இரண்டு நாள் எனக்குக் காது இரைந்தது. கடைசி வீட்டுப் பெண் ஒருத்தி வேப்பிலை போட்டுக் குழந்தைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். இவள் என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே போய் அவளையும் அறைந்து, நன்றாக எரிகிற அடுப்பை இடித்துவிட்டு வந்தாள். தப்பு என்று தெரிந்த பிறகு மன்னிப்பா கேட்பாள்? “சரி, இருந்துட்டுப் போவட்டும், புச்சா போட்டுத் தர்றேன்” என்றாள். புகையைக் கண்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவள் கதை விளங்கும்.

என் வீட்டுக்காரனுக்குப் பழையது இறங்காது. அவர், இவர் என்று மரியாதை போட்டு எழுத இந்த வயசிலும் எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுங்கள். லைனில் மற்ற ஆம்பிளைகள் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். இவனுக்குக் காலையிலேயே கொதிக்கக் கொதிக்கச் சோறு வேண்டும். கம்பெனியில் இரண்டு சங்கு ஊதும். முதல் சங்குக்குத் தட்டின் முன்னால் வந்து உட்காருவான். தட்டில் சோறு விழவில்லையென்றால் என்மேல் அடி விழும். கை, பெல்ட்டு, விறகுக் கட்டை, எது கிடைக்கிறதோ அது.

நான் சடையங்குப்பத்துப் பெண். எங்கள் வீட்டில் வறட்டிதான் எரிப்போம், ஒரு தரம் ஊதினால் பிடித்துக்கொள்ளும். விறகு அடுப்பு எனக்குப் பழக்கமில்லை. அதனால் என் கையில்தான் ஏதோ ராசியில்லை என்று நம்பிவிட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்கலாம் என்றால் அது கூப்பனுக்குக் கிடைக்கிற ஒரு புட்டி, விளக்குக்கே காணாது.

முந்தின வருஷம் ஆடியில் ஒரு காலை. அடுப்பு பற்றவில்லை. இடுப்பில் எட்டி உதைத்தான். எனக்கு அப்போது நாலு மாசம். மூன்றாம் நாள் எல்லாம் போய்விட்டது. அப்பன் வீட்டுக்குப் போனேன். மழை வந்தால் தண்ணீர் ஏறுகிற வீடு அது, ஏற்கெனவே எட்டுப் பேர். பதினைந்தாம் நாள் அப்பனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இப்போது இந்தச் சித்திரையில் மறுபடியும் எனக்கு மூன்று மாசம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்றால் அடுப்பு எரிய வேண்டும். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

அடுப்பை அவள் உதைத்த அன்றைக்கே அவளிடம் இதைச் சொல்லி அழுதேன். தட்டிக்கொடுத்தாளா என்று கேட்காதீர்கள். குழலால் தரையில் ஒரு தட்டு தட்டினாள்.

“அயாதே. அட்ப்பு எரியலன்னா அஞ்சே கோளாறுதான். மண்ணு, சாம்பலு, காத்து, வெறவு, பத்த வைக்கிற சாமான். ஒண்ணு ஒண்ணா பாத்துக் கயிச்சிகினே வரணும். அஞ்சும் சரியா இருந்து அப்பவும் எரியலன்னா, அப்ப அயு.”

அடுப்புக்குள் கையை விட்டுச் சாம்பலை வாரினாள். கஞ்சி பொங்கி வழிந்து வழிந்து அடியில் அது கல்லாக இறுகிப்போயிருந்தது. “இத்தினி நாளா இதும்மேலயா எரிச்ச? மூச்சு வுட எடம் எங்க கீது?” என்று கேட்டபடி குழலை இரண்டு கையாலும் ஓங்கினாள். நாலு அடி. அடுப்பு மண்ணோடு மண்ணாயிற்று. உள் மண்ணை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள், ஈரம் பிசுபிசுத்தது. முன்பு குடியிருந்தவர்கள் உப்பு மண்ணில் அடுப்புப் போட்டிருக்கிறார்கள். உப்பு மண் காயவே காயாது. அன்று மத்தியானமே நல்ல களிமண்ணும் உமியும் பிசைந்து புது அடுப்பு போட்டாள். வாசல் காற்று நேராக அடிக்காதபடி வாயையும் திருப்பி வைத்தாள். மண், சாம்பல், காற்று, மூன்றும் கழிந்தது.

சாயங்காலம் அவன் வந்தான். கண்டவள் வந்து அடுப்பை இடிக்க நீ எப்படி விட்டாய் என்று கேட்டு அடித்தான். மறுநாள் குழாயடியில் என் உதடு வீங்கியிருந்தது. லைனில் எல்லாப் பெண்களும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு, நானும் அதையே சொன்னேன்.

“அடுப்பாண்ட வழுக்கி விழுந்துட்டேன்.”

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே என்னை ஏறெடுத்துப் பார்த்தாள்.

“ஈரமா இருந்திச்சா?”

“ஆமாங்க்கா.”

அவ்வளவுதான், போய்விட்டாள். யார் கன்னம் வீங்கி வந்தாலும், யார் கண் கறுத்து வந்தாலும் அந்த ஒரே கேள்விதான் கேட்பாள். கிண்டலா, கரிசனமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்டவுடன் எங்களுக்கு அவமானமாக இருக்கும். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறாள், பாவி!

அடுப்பு காய்கிற மூன்று நாளும் அவள் அடுப்பில் சோறாக்கிவிட்டு, நாலாம் நாள் புது அடுப்பில் பற்ற வைத்தேன். மறுபடியும் புகை. அவள் வந்தாள். கட்டையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். என் தலையில் இரண்டு கட்டையை ஏற்றி, “நட” என்றாள். விறகு விற்கிற தொட்டிக்குப் போனோம். தொட்டிக்காரன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாடா வெறவு இது?”

“மரம்னா கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கும், இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?”

“சித்திர வெயில்ல இன்னாடா பச்ச? உள்ள காஞ்சி கீது, மேல நனைஞ்சி கீது. எட போடறதுக்கு மின்னாடி தண்ணி தெளிக்கிற நீ.”

அவன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். குழல் முழங்காலுக்குக் கீழே, எலும்பில் இறங்கியது. அலறிக்கொண்டு தராசுத் தட்டின் மேலேயே விழுந்தான். அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தவலையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தாள்.

“அப்டியே குந்து. இப்ப நீயும் எட கூடிட்ட.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் காலிலிருந்து ரத்தம் வழிந்து தண்ணீரோடு கலந்து ஓடியதைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நிதானமாக உள்ளே போய்க் காய்ந்த சவுக்காகப் பொறுக்கி என் தலையில் ஏற்றினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பயமாக இருந்தது. இவ்வளவு அடிக்கிற கை என்றைக்கு என் பக்கம் நிஜமாகத் திரும்புமோ என்று நினைத்துக்கொண்டேன்.

விறகும் கழிந்தது. அப்படியும் அடுப்பு பற்றவில்லை. குப்பென்று பிடிக்கும், நான் சந்தோஷப்படுவதற்குள் அணைந்துவிடும். அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். “எனுக்கு மின்னாடி பத்த வையி” என்றாள். நான் மூலையிலிருந்த குச்சிக் கட்டை அவிழ்த்தேன்.

“நிறுத்து. இது இன்னா?”

கம்பெனியில் கழித்துப் போடுகிற தீக்குச்சி அது, மருந்து முனை வைக்காதது. ஆம்பிளைகள் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அவள் வீடு தவிர லைனில் எல்லா வீட்டிலும் அடுப்புப் பற்ற வைப்பது அதை வைத்துத்தான். தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் வீட்டில் வேறு எதை வைத்துப் பற்ற வைப்பார்கள்? என் வீட்டுக்காரனுக்கு அந்தக் குச்சியில் தனிப் பெருமை. ஒரு தரம் தென்னை ஓலை பொறுக்கி வந்தேன். “எங்க கம்பெனி குச்சி எரியலன்னா வேற எந்த நாய் குச்சிடி எரியும்?” என்று கேட்டு அந்த ஓலையாலேயே விளாசினான்.

அவள் ஒரு குச்சியைக் கொளுத்தினாள். நன்றாக எரிந்தது. வாயால் ஊதி அணைத்தாள். கறுத்து நின்றது. பிறகு தேங்காய் நாரில் ஒரு பிரியைக் கொளுத்தி ஊதினாள். முனை சிவந்து கனிந்துகொண்டே இருந்தது.

“பாத்தியா? ஊதனா கங்கு நிக்கணும். இதுல நிக்காது. மருந்துத் தண்ணில ஊறப் போட்டு எடுக்கறானுங்கோ, கேட்டாண்ட துன்னுகினே ஒருத்தன் சொன்னான். குச்சிய அணைச்சிக் கீய போட்டா வேட்டி பொத்தலாவாம இருக்கணும்னு அந்த வேல. தீக்குச்சிக்கு அது நல்லது, அட்ப்புக்கு சனியன். நீ ஊத ஊத அது சாவுது.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். அந்த வாரத்தோடு லைனில் காலைப் புகை நின்றது.

நார் வைத்த முதல் நாள் ஒரே ஊதலில் பிடித்தது. முதல் சங்குக்கு முன்பே சோறு வடித்துவிட்டேன். அவன் தட்டைப் பார்த்தான், தின்றுவிட்டுப் போனான். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். தப்பித்தாய், கண்ணே, தப்பித்தாய் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் முதல் வாய் வைத்தவன் துப்பினான்.

“நாக்கு வெந்துபோச்சுடி, தேவடியா. இவ்ளோ சூடாவா போடுவ?”

தட்டு பறந்து வந்து என் முழங்கையில் அடித்தது, சுடுசோறு கையோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். காலை ஓங்கியது தெரிந்ததும் நான் திரும்பிக்கொண்டேன், உதை இடுப்பெலும்பில் விழுந்தது. இன்னொன்று ஓங்கினான். வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் புகையில்லாமல் அவள் வந்தாள்.

வாசலில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

“அட்ப்பு எரிஞ்சிச்சா?”

“எரிஞ்சிச்சிக்கா.”

“பொகை?”

“இல்ல.”

“சோறு வெந்திச்சா?”

“வெந்திச்சி.”

“சங்குக்கு மின்னாடியா?”

“மின்னாடி.”

“உன் வூட்ட பாத்துகினு போம்மே” என்று அவன் அவள் பக்கம் திரும்பி, அடிக்கிற கையை அப்படியே அவளை நோக்கி ஓங்கினான்.

“அஞ்சும் சரியா கீது. அப்ப கோளாறு அட்ப்புல இல்ல” என்றாள்.

குழல் அவன் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சவுக்கு முறிகிற சத்தம்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் விடவில்லை. அந்தக் கையைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, அடுப்பை இடித்த அதே நிதானத்தோடு அதே இடத்தில் இன்னொரு அடி. அவன் கத்தியதில் காக்கை எல்லாம் பறந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளதைச் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒன்று போடமாட்டாளா என்று இருந்தது. இரண்டாவது சங்கு ஊதியது.

“வேலைக்கு நேரமாச்சி, எய்ந்து போ” என்று அவனிடம் சொன்னாள்.

அவன் கட்டுக் கட்டுகிறவனைத் தேடிப் போன பிறகு, வெந்த என் கையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவள் முன்னங்கை முழுக்கப் பழைய தீத்தழும்பு. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று கேட்டில் சொல்வார்கள். கடல் அவனைப் பார்த்ததே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். நான் தழும்பைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“பத்து வருசம் நானும் அட்ப்பத்தான் சரி பண்ணிகினு இருந்தேன். மூணு கொயந்தை போச்சி. எனுக்கு யாரும் வந்து சொல்லல” என்றாள். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. 

சாயங்காலம் மேஸ்திரி வந்தான். கம்பெனியில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் அவன்தான், கேட்டுக்கு வெளியே யார் கடை போடலாம் என்பதும் அவன் வாயில்தான். குழாயடியில் லைன் முழுக்கக் கூடிவிட்டது. என் வீட்டுக்காரன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

“மூணு மாசம் கை ஆவாதாமே. யார்றா அடிச்சது? இந்த ஆப்பக்காரியா? ஒரு வார்த்த சொல்லு, கேட்டாண்ட ஒரு அட்ப்பு இல்லாம நொறுக்கிடறேன்” என்றான் மேஸ்திரி.

என் வீட்டுக்காரன் கழுத்துத் தூளியை இழுத்துச் சரிசெய்துகொண்டான். மேஸ்திரி என் பக்கம் திரும்பினான். “நீ சொல்லும்மா, கூடத்தான இருந்த?”

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கடை, அவள் சோறு, எல்லாம் என் நாக்கில் இருந்தது. என் நாக்குக்குப் பழகிய பொய் ஒன்றே ஒன்றுதான்.

“அடுப்பாண்ட வழுக்கி விழுந்துட்டாரு.”

மேஸ்திரி அவனைப் பார்த்தான். “அப்டியாடா?”

லைன் ஆம்பிளைகள் எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொம்பிளை அடித்தாள், அதுவும் ஊதாங்குழலால் அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வான்? அவன் முகம் கறுத்தது.

“ஆமா மேஸ்திரி. அட்ப்பாண்ட… வழுக்கிடுச்சி.”

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். திரும்பினாள். எங்களைக் கேட்கிற அதே முகம், அதே குரல்.

“ஈரமா இருந்திச்சா?”

ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இன்னொருத்தியால் முடியவில்லை. அப்புறம் குழாயடியில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

“ஆமா… ஈரம்” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் திருந்தினானா என்று என் பேத்திகள் கேட்பார்கள். திருந்தவெல்லாம் இல்லை. கை கோணலாகக் கூடியது, முஷ்டி மடங்கவில்லை. அவன் குரல் உயர்ந்தால் பக்கத்துச் சுவரில் இரும்பால் டங்கென்று ஒரு தட்டு கேட்கும், குரல் இறங்கிவிடும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐப்பசி அடைமழையில் எனக்கு வலி எடுத்தது. பிரசவம் பார்த்தது அவள்தான். நான் மயங்கப் போனபோது கன்னத்தில் மாறி மாறி அறைந்து, “முக்கும்மே, கஸ்மாலம், முக்கு” என்று கத்தினாள். பெண் பிறந்தது, மாசம் நிறைந்து, கை கால் எல்லாம் முழுசாக. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, துணி எல்லாம் ஈரம். குழந்தையைக் குளிப்பாட்ட வென்னீர் போடப் போனாள். ஒரு குச்சிதான் கிழித்தாள். அடுப்பு பற்றிக்கொண்டது.